கட்டடங்கள் இடும் கட்டளை

திருக்கோயிலுக்குள் நுழைந்தவுடன் நம் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. வீதியில் உரக்கப் பேசிக்கொண்டு வந்த இருவர், கோபுர வாயிலைக் கடந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். ஓடிவந்த குழந்தை நடக்கத் தொடங்குகிறது. 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகை ஒன்று அங்கே தொங்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அப்படியானால் அந்தக் கட்டளையை நமக்கு இட்டது யார்?

பக்தி என்று உடனே விடை கூறிவிடலாம். அது உண்மையே. ஆயினும், பக்தி நாட்டம் இல்லாத சுற்றுலாப் பயணியும், நம் சமயத்தைச் சாராத அயல்நாட்டவரும் அதே இடத்தில் அதே போலக் குரலைத் தாழ்த்துவதைக் காண்கிறோம். எனவே பக்திக்குத் துணையாக வேறொன்றும் அங்கே வேலை செய்கிறது. அதுதான் கட்டடம். கல்லும் சுவரும் கூரையும் வெளிச்சமும் சேர்ந்து, இங்கே இப்படி நடந்துகொள் என்று வாய் திறவாமல் நமக்குச் சொல்கின்றன. கோயில் மட்டுமன்று, அலுவலகமும் மருத்துவமனையும் நாம் குடியிருக்கும் வீடும் இவ்வாறே ஓயாமல் நமக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருக்கின்றன. முதுமையில், உடல் தளர்ந்து, நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கும் காலத்தில், அந்தக் கட்டளை என்னவென்று கவனிப்பது மிகவும் அவசியமாகிறது. இந்த வாரம் அதனைச் சிந்திப்போம்.

வாயில் முதல் கருவறை வரை

திருவரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 156 ஏக்கர் பரப்பில் ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களும் கொண்ட திருத்தலம் அது. 1987ஆம் ஆண்டு நிறைவுபெற்ற அதன் ராஜகோபுரம் 236 அடி உயரமுடையது. அதன் வழியே தெற்கிலிருந்து உள்ளே வருபவர் உடனே அரங்கனின் திருமுன் போய் நின்றுவிட முடியாது. வெளிப் பிராகாரங்கள் வீடுகளும் கடைகளும் நிறைந்த வீதிகளாகவே விளங்குகின்றன. காய்கறி விற்பவரையும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் கடந்து, ஒரு மதில், அடுத்து மற்றொரு மதில் என்று உள்ளே வர வர ஆரவாரம் குறைகிறது. கடைகள் நின்றுபோகின்றன. தலைக்கு மேல் தெரியும் வானம் குறுகுகிறது. மனத்தில் சுமந்து வந்த வீட்டுக் கணக்குகளும் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்களின் உயரமும் குறைந்து வருவதைக் காணலாம். தொலைவில் இருப்பவரை அழைக்க உயர்ந்த கோபுரம் வேண்டும். அருகே வந்துவிட்டவரை அழைக்க அவ்வளவு உயரம் வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் போல விமானமே ஓங்கி நிற்கும் தலங்களும் உண்டு. எனினும் வெளியிலிருந்து உள்ளே படிப்படியாக அழைத்துச் செல்லும் முறை நம் பெருங்கோயில்களுக்குப் பொதுவானது.

வாயிலில் பாதரட்சைகளைக் கழற்றுகிறோம். வெறுங்காலுடன் கருங்கல் தளத்தில் நடப்பவர் விரைந்து நடப்பதில்லை. அடுத்து வருவது உயரமான வாசற்படி. அதனை மிதியாமல் தாண்ட வேண்டும் என்பது நம் வழக்கம். தாண்ட வேண்டுமானால் ஒரு கணம் நிற்க வேண்டும். தலையைத் தாழ்த்திக் கீழே பார்க்க வேண்டும். இவ்வழக்கத்திற்குப் பெரியோர் பல உட்பொருள்கள் கூறுவர். அவற்றோடு, நம் உடலில் நிகழும் இந்த எளிய மாற்றத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பணிவு மனத்தில் தோன்றுவதற்கு முன்பே உடல் பணிந்துவிடுகிறது.

வெளிச்சம் அமைந்துள்ள விதமும் கருதத்தக்கது. திறந்த பிராகாரத்தில் முழு வெயில். மகாமண்டபத்தில் தூண்களுக்கிடையே சாய்ந்து விழும் ஒளி. அர்த்தமண்டபத்தில் அரையிருள். கருவறைக்குச் சாளரம் இல்லை; விளக்கின் சுடர் மட்டுமே உண்டு. நண்பகல் வெயிலிலிருந்து நேராக இருட்டறைக்குள் நுழைந்தால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது என்பதை அறிவோம். கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரைகூட ஆகும் என்று கண் மருத்துவம் கூறுகிறது. வயது ஏற ஏற இந்நேரம் இன்னும் நீளும். ஒளியைப் படிப்படியாகக் குறைத்துச் செல்லும் கோயிலில், நாம் அறியாமலேயே கண் பழகிக்கொண்டு வருகிறது. சந்நிதி முன் நிற்கும்போது, பார்ப்பதற்கு அங்கே வேறெதுவும் இல்லை. அர்ச்சகர் தீபத்தை உயர்த்துகிறார். திருமுகம் ஒன்றே தெரிகிறது. பத்துப் பொருள்களின்மேல் சிதறும் பார்வை, முயற்சி ஏதுமின்றி ஒன்றில் குவிகிறது.

தரிசனம் முடிந்து வலம் வருகிறோம். எல்லோரும் ஒரே திசையில் வலமாகச் செல்வதால், கூட்டம் மிகுந்த நாளிலும் எதிரெதிரே முட்டிக்கொள்வது அரிது. இராமேசுவரத்தின் மூன்றாம் பிராகாரத்தில் நடந்தவர்களுக்கு வேறோர் அனுபவமும் கிட்டியிருக்கும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி நீளம். பிராகாரம் முழுவதும் 1,212 தூண்கள். ஒரே இடைவெளியில் தூண்கள் வந்து வந்து பின்னே செல்லும்போது, நம் அடியும் மூச்சும் அந்தத் தாளத்திற்கு இசைந்துவிடுகின்றன. படபடப்போடு அங்கே நடக்கத் தொடங்கியவரும் மறுமுனையை அடைவதற்குள் சற்றுத் தணிந்திருப்பார்.

படியும் பிடியும்

மனத்தை மட்டுமன்றி, உடலையும் எண்ணிப் பார்த்த அமைப்புகள் நம் கோயில்களில் உண்டு. திருவாரூரில் கோயிலும் கமலாலயத் திருக்குளமும் தலைக்கு ஐந்து வேலி என்று சொல்வது வழக்கம். இறைவனின் இல்லத்திற்கு ஈடாக நீருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளத்தின் படிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் நீர் ஏறினாலும் கோடையில் இறங்கினாலும், ஏதேனும் ஒரு படி நீரின் மட்டத்தில் இருந்துகொண்டே இருக்கும். கால் நனைக்க வருபவர், எந்தப் பருவத்திலும் ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை.

பழைய மண்டபங்கள் பலவற்றின் படிகளுக்கு இருபுறமும், யாளியின் துதிக்கை சுருண்டு இறங்குவது போன்ற பிடிச்சுவர் இருக்கும். சுருள்யாளி என்று அதனைக் குறிப்பிடுவர். சிற்ப அழகுக்காக நாம் அதனைப் போற்றுகிறோம். படியேறும் முதியவரின் கை தானாக அதன்மேல் சென்று படிவதையும் காணலாம். தலைமுறை தலைமுறையாகக் கைகள் பட்டுப் பட்டு, சில இடங்களில் அந்தக் கல் வழவழப்பாகியிருக்கிறது.

பிறகு மண்டபம். சிவாலயங்களில் தரிசனம் முடிந்ததும் சிறிது நேரம் அமர்ந்து எழ வேண்டும் என்பர். அமர்வதற்கு இடம் இல்லாமல் இப்படியொரு வழக்கம் தோன்றியிருக்க முடியாது. மதுரையில் 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி நிழல் தரும் தாழ்வாரம் இருக்கிறது. சிற்றூர்க் கோயிலிலும், மடைப்பள்ளிக்கு அருகில் நாலு பேர் உட்காரும் மேடை ஒன்று நிச்சயம் உண்டு. அங்கே அமர்ந்தவர்கள் பேசினார்கள். பேசியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குச் சென்று விசாரித்தார்கள். ஊரின் உறவுகள் பல அந்தக் கல்மேடையில் வளர்ந்தவை.

வங்கியில் கண்டது

இவ்வுண்மை கோயிலுக்கு வெளியேயும் செல்லும் என்பதற்கு என் பணிக்கால அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். நான் வங்கியில் சேர்ந்த காலத்தில், காசாளர் கம்பிவலைக் கூண்டுக்குள் அமர்ந்திருப்பார். பணம் நீட்டுவதற்குச் சிறு துவாரம் ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் குனிந்து, அத்துவாரத்தின் வழியே பேச வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. எனவே இவர் கத்துவார். இவர் கத்துவதால் அவரும் கத்துவார். நாள்தோறும் ஏதேனும் ஒரு சச்சரவு. பின்னர் கூண்டு அகற்றப்பட்டு, இருவரும் முகம் பார்த்துப் பேசும்படி முகப்பின் உயரம் குறைக்கப்பட்டது. அதே காசாளர், அதே வாடிக்கையாளர்கள். ஆனால் குரல்கள் தாழ்ந்துவிட்டன.

மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியம் பெற வருவோர் கூட்டமும் அப்படித்தான். நின்றுகொண்டே காத்திருந்தவரை அவர்களுக்குக் கோபம் குறையவில்லை. சுவரோரம் நாலு பெஞ்சுகளைப் போட்டு, வந்த வரிசைப்படி டோக்கன் கொடுக்கத் தொடங்கினோம். காத்திருக்கும் நேரத்தில் மாற்றமில்லை. ஆயினும் உட்கார்ந்த மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரின் நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். மனிதர்களைத் திருத்த வேண்டும் என்று நாம் எண்ணும் பல இடங்களில், இருக்கையைத் திருத்தினாலே போதும் என்பதை அங்கே கற்றேன்.

ஒரு சாளரம் செய்த வேலை

இதனை முறைப்படி ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ரோஜர் உல்ரிக் என்ற அறிஞர், 1984ஆம் ஆண்டு 'சயின்ஸ்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். அம்மருத்துவமனையின் சில அறைகளில் சாளரத்தின் வழியே மரங்கள் தெரிந்தன. வேறு சில அறைகளின் சாளரத்திற்கு எதிரே செங்கற்சுவர் மட்டுமே இருந்தது. வயது முதலியவற்றில் ஒத்தவர்களாகப் பார்த்து, இருவகை அறைகளிலிருந்தும் 23 இணைகளாக 46 நோயாளிகளை அவர் ஒப்பிட்டார்.

மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வலியைத் தணிக்கும் கடுமையான மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. மனச்சோர்வு, அழுகை போன்ற குறிப்புகளும் அவர்களைப் பற்றிச் செவிலியர் ஏட்டில் குறைவு. நாற்பத்தாறு பேரை வைத்துக்கொண்டு உலகுக்கே விதி எழுதிவிட முடியாது; மரத்தைப் பார்த்தால் நோய் பறந்துவிடும் என்று இதற்குப் பொருளும் இல்லை. ஆனால் மருத்துவமனைகளைக் கட்டுவோர், படுக்கையில் இருப்பவரின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்கத் தொடங்கியதற்கு அக்கட்டுரை ஒரு முக்கியமான காரணமாயிற்று.

இக்கேள்வியை நம் வீட்டில் எத்தனை பேர் கேட்கிறோம்? பெரியவர்களுக்கு ஓய்வு வேண்டும், சத்தம் ஆகாது என்று அன்போடு எண்ணி, வீட்டின் பின்புறம் உள்ள அறையை அவர்களுக்கு ஒதுக்குகிறோம். அங்கே கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது தெரியாது. தபால்காரர் குரல் கேட்காது. ஓய்வு கிடைக்கிறது, அதோடு, தனிமையும் வந்துசேர்கிறது.

திண்ணை இருந்த வீடு

நம் முன்னோர் கட்டிய வீட்டில் பெரியவருக்கு இடம் பின்கட்டில் இருக்கவில்லை; முகப்பில் இருந்தது. அதற்குத் திண்ணை என்று பெயர். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, இரண்டுக்கும் சொந்தமாக, ஓட்டுச் சார்ப்பின் நிழலில் அமைந்த மேடை அது. வழிப்போக்கர் இரவில் படுத்துறங்கினர். பிள்ளைகள் எழுத்துப் பயின்றனர். திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரே அதற்குச் சான்று. சில வீடுகளில் முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சாய்வாகவே திண்ணையைக் கட்டியிருப்பார்கள். வீட்டுப் பெரியவர் அதில் அமர்ந்திருந்தால், தெருவில் போகிறவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். "என்ன தாத்தா, மழை வருமா?" என்ற ஒரு கேள்வி போதும், அன்றைய பொழுதுக்கு அதுவே மருந்து. தெருவுக்கும் அது காவல். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்தது. அதன் முன்னே உயர்ந்த இரும்புக் கதவு. வீடு நன்றாகவே அமைந்தது. வீட்டின் மூத்தவருக்கு வயது எண்பதுக்கு மேல். குளிர்சாதன வசதியோடு தனியறை கொடுத்தார்கள். குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் சில மாதங்களில் அவர் பேசுவது குறைந்தது. பசி குறைந்தது. பகலில் உறங்கினார், இரவில் விழித்திருந்தார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, பெரிதாக நோய் ஏதும் இல்லை என்றார். அவருடைய மருமகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "மாமா யாரையும் பார்ப்பதே இல்லை" என்றார்.

அதன்பின், இரும்புக் கதவின் ஓரத்தில், தெருவைப் பார்த்தபடி ஒரு சிமெண்டுத் திட்டு கட்டினார்கள். மேலே ஒரு தகரச் சார்ப்பு. பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழுவதற்கு ஒரு குழாய். காலையிலும் மாலையிலும் அவர் அங்கே வந்து அமர்ந்தார். பூ விற்கும் அம்மாள் கூடையை அத்திட்டில் இறக்கி வைத்து இளைப்பாறத் தொடங்கினார். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளோடு வந்தார். மாலையில் பிள்ளைகள் பந்தெறியும்போது அவர் கணக்குச் சொல்லலானார். முதுமை நின்றுவிடவில்லை. ஆயினும் அவர் மீண்டும் அந்தத் தெருவின் மனிதர் ஆனார். அதற்குத் தேவைப்பட்டது கொத்தனாரின் இரண்டு நாள் வேலை.

மூடியிருந்த வாயில்

பழையவை யாவும் சிறந்தவை என்று நான் கூற வரவில்லை. பழைய வீடுகளில் பெண்கள் அடுப்படிப் புகையிலும் இருளிலும் வாழ்நாளைக் கழித்தார்கள். திண்ணை ஆண்களுக்கு இடமாயிற்று; பெண்களுக்குக் கிடைத்தது கொல்லைப்புறம். கழிப்பறையோ கொல்லையின் கடைசியில். மழை இரவில் முதியவர் அங்கே சென்று வருவது பெரும் துன்பம்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. நம்மைத் தலை தாழ்த்தச் செய்யும் அதே வாசற்படி, பல தலைமுறைகளுக்கு நம் சகோதரர்கள் பலரை வெளியிலேயே நிறுத்தியது. உள்ளே இருந்தவருக்கு அமைதி தந்த மதில், வெளியே நின்றவருக்கு அவமானத்தைத் தந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டபோதுதான், ஆலய வாயிலின் பொருள் அங்கே முழுமை பெற்றது. கோபுரம் எல்லோரையும் அழைக்கும்போது, வாயில் சிலரை மட்டும் அனுமதிப்பது எப்படிப் பொருந்தும்? கட்டடம் கட்டளை இடும் என்றால், அது யாருக்கு என்ன கட்டளை இடுகிறது என்பதையும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

இக்கேள்வி இன்றும் தீர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் வருபவரிடம், சாய்தளம் இல்லாத வாயில் என்ன சொல்கிறது? இரண்டு மணி நேரம் இரும்புத் தடுப்புகளுக்கிடையே நிற்க முடியாத மூதாட்டியிடம், உட்கார ஒரு திட்டு இல்லாத வரிசை என்ன சொல்கிறது? "உனக்கு இங்கே இடமில்லை" என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் அடுத்த முறை வருவதில்லை.

இன்று செய்யக்கூடியவை

வீட்டிலிருந்தே தொடங்கலாம். கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விழுவதைத் தலைவிதி என்று சொல்லிவிடுகிறோம். ஈரமான வழுக்குத் தரையும், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத சுவரும் தலைவிதியில் சேர்ந்தவை அல்ல.

குளியலறையில் சொரசொரப்பான தரை. கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு. இம்மூன்றும் இன்றியமையாதவை. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். தரையும் படியும் ஒரே நிறத்தில் இருந்தால் மங்கிய கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியாது. விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை இழுத்துவிட்டால் போதும். வழுக்கும் கால்மிதிகளை அப்புறப்படுத்துங்கள். பூஜையறையில் விளக்கு ஏற்ற எட்டிப் பிடிக்க வேண்டிய உயரம் வேண்டாம். அமர்ந்தபடி ஏற்றும் உயரத்தில் மாடம் இருக்கட்டும். தரையில் அமர முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து ஜபிப்பதில் குறையொன்றும் இல்லை.

அடுத்து, கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். செலவில்லாத மருத்துவம் அது. சுவரைப் பார்த்திருக்கும் தலைமாட்டை மாற்றி, சாளரம் தெரியும்படி செய்யுங்கள். சாளரத்திற்கு வெளியே மரம் இல்லையெனில், ஒரு துளசி மாடமோ இரண்டு பூந்தொட்டிகளோ வையுங்கள். தனிவீட்டில் வாயிலருகே ஒரு திட்டு. அடுக்குமாடியில் மின்தூக்கியின் அருகே அல்லது கீழே மரத்தடியில் ஒரு பெஞ்சு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதனைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இன்றைய இளைஞர்களுக்கும் நாளை அது வேண்டியிருக்கும்.

கோயிலுக்கும் நாம் செய்யக்கூடியது உண்டு. ஒளிவிளக்குக் குழலில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதி மாட்டுவதைக் கண்டிருக்கிறோம். கருவறையின் முன்னே அத்தகைய விளக்குகள் பெருகப் பெருக, தீபச்சுடரின் வேலை குறைந்துபோகிறது. அந்த உபயத்தைச் சற்றே மாற்றினால் என்ன? வரிசையில் காத்திருப்போர் அமர ஒரு கல்மேடை. படிகளுக்கு ஒரு கைப்பிடி. சக்கர நாற்காலி செல்ல ஒரு சாய்தளம். பிராகாரத்தில் வெயில் நேரத்திற்குத் தேங்காய்நார் விரிப்பு. தளத்திற்கு வழவழப்பான ஓடு பதிக்கும் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வந்தால், நீர் பட்டால் வழுக்குமே என்று நயமாக எடுத்துச் சொல்லுங்கள். நிர்வாக அதிகாரியிடமோ அறங்காவலரிடமோ எழுத்தில் கொடுக்கப்படும் விண்ணப்பத்திற்கு, பேச்சில் சொல்வதைவிட மதிப்பு அதிகம். தக்கவரின் அனுமதி பெற்று, பழைய கல்லுக்கும் சிற்பத்திற்கும் ஊறு நேராமல் அவற்றைச் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

கேட்பதற்கு ஏன் தயக்கம்?

இவ்வளவும் படித்த பின்னும், நம்மில் பலர் பிள்ளைகளிடம் வாய் திறக்க மாட்டோம் என்பதை நான் அறிவேன். "அவர்களுக்கே ஆயிரம் செலவு, கைப்பிடி வேண்டும் என்று நான் வேறு கேட்க வேண்டுமா? இருக்கிற நாளை இப்படியே ஓட்டிவிடலாம்" என்று எண்ணுகிறோம். வயதான காலத்தில் பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற இந்த எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் கணக்கு சரியாக இல்லை. கணக்கு எழுதியே காலம் கழித்தவன் என்ற உரிமையில் இதனைச் சொல்கிறேன். கைப்பிடிகளும் விளக்கும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் செலவு லட்சங்களில் போய் நிற்கும். பிள்ளைகள் விடுப்பு எடுக்க வேண்டும். மருமகள் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும். மீண்டும் பழையபடி நடப்போமா என்பதும் உறுதியில்லை. பாரமாக இருக்க விரும்பாதவர் முதலில் செய்ய வேண்டியது, வாய் திறந்து கேட்பதுதான்.

பெரும்பாலும் பிள்ளைகள் மறுப்பதில்லை, அவர்களுக்குத் தெரிவதில்லை. முப்பது வயதுக் காலுக்கு ஓர் அங்குலப் படி ஒரு பொருட்டே அன்று. அந்தப் படி நம்மிடம் என்ன சொல்கிறது என்பதை நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த வாரம் ஒரு நாள், பகல் பொழுதில், உங்கள் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ அழைத்து, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் ஒரு மணி நேரம் அமரச் சொல்லுங்கள். கையில் கைபேசி வேண்டாம். அங்கிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது, எழுந்திருக்க எதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. கொத்தனாரை எப்போது வரச் சொல்லலாம் என்று அவர்களே கேட்பார்கள்.